மலையேறும் பொறிகளும் சுங்க வாயிலும்

சென்ற ஆண்டு எம் வகுப்பு மாணவர் சிலரைப் பதுளைக்கு அண்மையிலுள்ள தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிற்கு அழைத்துச் சென்றிருந்தேன். கொழுந்து வாட்டும் மாடியையும், அரைக்கும் தளத்தையும், உலர்த்தும் அறையையும் பார்த்து முடித்தபின், மாணவன் ஒருவன் பழைய ரோலர் ஒன்றின் அடிப்பாகத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சேர், இவ்வளவு பாரத்தை இந்த மலைக்கு எப்படிக் கொண்டு வந்தார்கள்?" என்று வினவினான். என்னிடம் விடை இருக்கவில்லை. அருகில் நின்ற டீமேக்கர் ஐயா சிரித்தார். "இந்த ரோலர் என் பாட்டன் காலத்தது, தம்பி. அது வந்த கதை எனக்குத் தெரியாது. அதோ நிற்கிறதே, அந்த டிரையர் வந்த கதை தெரியும். கொழும்பிலிருந்து மலைக்கு ஏற்ற மூன்று நாள். கொழும்பை விட்டு வெளியே எடுக்க இரண்டு மாதம்!" என்றார்.

மலையை வெல்ல மூன்று நாளும் காகிதத்தை வெல்ல இரண்டு மாதமும் சென்றன என்னும் அச்செய்தி என் சிந்தையைக் கிளறியது. தொழிற்சாலையின் நிழலிலேயே பிறந்து வளரும் நம் பிள்ளைகளுள் பலர், அதனுள்ளே சுழலும் பொறி எவ்வழியாக வந்ததென்பதை அறியார். ஆசிரியராகிய யாமும் பெரும்பாலும் அறியோம். ஆகவே பெரும் பொறிகள் சுங்க வாயிலைக் கடந்து மலைநாடு சேரும் முறையைக் கற்றறிந்த அளவில் ஈண்டு விளக்க முற்படுகின்றேன்.

உல்கு என்னும் பழைய வழக்கு

சுங்கம் நமக்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் கடலினின்று நிலத்துக்கும் நிலத்தினின்று கடலுக்கும் செல்லும் பண்டங்களை அளந்து, புலிப்பொறி இட்டு, காவல் செய்த உல்கு அதிகாரிகளைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. வேந்தனுக்குரிய பொருள்களுள் உல்கு பொருளையும் ஒன்றாக வைத்து எண்ணுகின்றது திருக்குறள். முதலாங் குலோத்துங்கனைச் 'சுங்கந் தவிர்த்த சோழன்' என்று நாடு நினைவிற் கொண்டிருந்ததும் யாவரும் அறிந்ததே.

நம் இலங்கையிலும் இதற்குச் சான்றுகள் உள. தென்கரையிலுள்ள கொடவாயத் துறைமுகத்தின் சுங்க வருவாயை ஒரு விகாரைக்கு அளித்த கஜபாகு மன்னனின் சாசனம் கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நம் பொருளுக்கு அதனினும் நெருங்கியது, நயினாதீவில் நாகபூஷணி அம்மன் கோவிலில் காணப்படும் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்ச் சாசனம். கி.பி. 12ஆம் நூற்றாண்டில் பொறிக்கப்பட்ட அச்சாசனம், ஊராத்துறைக்கு வரும் பிறநாட்டு வணிகருக்குக் காவல் உறுதி செய்வதோடு, கப்பல் உடைந்தால் யாருக்கு எவ்வளவு என்பதையும் வகுத்துரைக்கின்றது. யானையும் குதிரையும் ஏற்றி வரும் கப்பலாயின் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, எஞ்சியது உடையவனுக்கு. ஏனைய வாணிபப் பண்டங்கள் ஏற்றிய கப்பலாயின் பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு.

அக்காலப் பெருஞ்சரக்கு யானையே ஆம். அரசுக்கு வேண்டிய அப்பெருஞ்சரக்கைக் கொணர்வதன் இடர் மிகுதி. ஆகையால் அதனைக் கொணர்வோனுக்குச் சலுகையும் மிகுதி. நாட்டுக்கு இன்றியமையாத பொறிகளுக்குக் குறைந்த தீர்வை விதிக்கும் இன்றைய கொள்கையின் வித்து, எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் மொழியில் கல்லில் வெட்டப்பட்டிருத்தல் நோக்கற்பாலது.

ஊவாவுக்கு வந்த பொறிகள்

கோப்பிப் பயிரை அழித்த இலைநோய் இலங்கையில் 1869ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. இன்றளவும் பல திருத்தங்களுடன் நம் சுங்கத்தை ஆளும் சுங்கக் கட்டளைச் சட்டம் பிறந்ததும் அதே ஆண்டிலேயே. கோப்பி வீழத் தேயிலை எழுந்தது. தேயிலைக்கோ தோட்டத்திலேயே ஒரு தொழிற்சாலை வேண்டும். பறித்த கொழுந்து நெடுநேரம் காத்திராது. எனவே, அரைக்கும் ரோலர்களும் உலர்த்தும் டிரையர்களும் பிரித்தானியத் தீவுகளிலிருந்து கப்பலேறின. அசாமில் தேயிலைத் தொழில் பார்த்த சாமுவேல் டேவிட்சன் 1881இல் பெல்பாஸ்ற் நகரில் நிறுவிய 'சிறோக்கோ' ஆலையின் உலர்த்திகளும், வில்லியம் ஜாக்சன் வகுத்த முறையில் கெயின்ஸ்பரோ நகர மார்ஷல் கம்பனியார் செய்த பொறிகளும் மலைநாடெங்கும் பரவின.

அன்று கொழும்பில் கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. பாரமான பெட்டிகள் படகுகளில் இறக்கப்பட்டே கரை சேர்ந்தன. 1875இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1885இல் நிறைவெய்திய தென்மேற்கு அலைதடுப்பு அணைதான் கொழும்பைப் பாதுகாப்பான துறைமுகமாக்கிற்று. அதன்பின் புகையிரதம் மெல்ல மெல்ல நம்மை நோக்கி ஏறியது. 1885இல் நானுஓயாவுக்கும், 1893இல் அப்புத்தளைக்கும், 1894இல் பண்டாரவளைக்கும் வந்தது; பதுளையை அடைய 1924 வரை சென்றது. வண்டி வராத காலத்தில் மாட்டு வண்டியே கதி. ஒரு பொறியின் மிகப் பெரிய துண்டு மாட்டு வண்டி தாங்கும் அளவினதாக இருத்தல் வேண்டும் என்பது அக்காலத்து எழுதாச் சட்டம். பழைய ரோலர்களை உற்று நோக்கினால், அவை பல வார்ப்புத் துண்டுகள் முடுக்கிச் சேர்க்கப்பட்டவையாய் இருத்தலைக் காணலாம்.

எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே 1921இல் முடிவுற்ற ஒன்பது வளைவுப் பாலத்தைப் பற்றி நம் ஊரவர் கூறும் கதை ஒன்றுண்டு. பாலத்துக்கென வரவேண்டிய உருக்கு முதலாம் உலகப் போருக்குத் திருப்பப்பட்டமையால், கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டே அது கட்டப்பட்டது என்பர். கதை எவ்வாறாயினும், வராத சரக்கும் ஒரு நாட்டின் தோற்றத்தை மாற்றக்கூடும் என்பதை அது உணர்த்துகின்றது.

பெருஞ்சரக்கு யாது?

இந்நாளில் சரக்குகளுட் பெரும்பாலன கொள்கலன்களில் வருகின்றன. இருபது அடிக் கொள்கலனின் உள்ளகலம் ஏறத்தாழ 2.35 மீற்றர், வாயிலின் உயரம் ஏறத்தாழ 2.28 மீற்றர். அவ்வாயிலுக்குள் நுழையாத எப்பொருளும் தனி வழி தேடவேண்டியதே. கூரையற்ற கொள்கலன், பக்கச் சுவர்களற்ற தட்டைக் கொள்கலன் ஆகியன சிறிது மிகைப்பட்டவற்றைத் தாங்கும். அவற்றுக்கும் அடங்காதவை கப்பலின் தளத்திலோ அறையிலோ தனிச் சரக்காக வைத்துக் கட்டப்படும். 1975ஆம் ஆண்டின் பன்னாட்டு வீதிப் போக்குவரத்து உடன்படிக்கை, பாரத்தாலோ அளவாலோ இயல்பாலோ மூடிய ஊர்தியிலும் மூடிய கொள்கலனிலும் வழக்கமாக ஏற்றப்படாத பொருளைப் 'பாரிய அல்லது பருத்த சரக்கு' எனப் பொருள்கொள்ளும்.

இவ்வரைவிலக்கணத்தில் ஒரு நுட்பம் உளது. கொள்கலனுக்குப் பூட்டும் முத்திரையும் உண்டு. முத்திரை குலையாவிடின் உள்ளே இருப்பது மாறவில்லை என்று சுங்கம் நம்பலாம். பூட்ட இயலாப் பொருளுக்கோ அதன் காகிதமே பூட்டு. அதன் அளவும் எடையும் படமும் தொடர் இலக்கமுமே முத்திரை. எனவே, பெருஞ்சரக்கின் சுங்க விடுவிப்பு என்பது, பொருள் வருமுன்னரே அதன் உண்மையைப் பிழையறச் சொல்லி வைக்கும் கலை எனலாம். அக்கலைக்கு உரிய கூறுகளை ஒன்றொன்றாகக் காண்போம்.

பெயரிடுதல்

முதற் கூறு பெயரிடுதல். 1988ஆம் ஆண்டு தொடக்கம் நடைமுறையிலுள்ள ஒத்திசைந்த குறியீட்டு முறையின்படி உலகிலுள்ள ஒவ்வொரு வணிகப் பொருளுக்கும் ஆறிலக்கக் குறியீடு ஒன்று உண்டு. நாடுகள் தத்தம் தேவைக்கேற்ப மேலும் இலக்கங்களைச் சேர்த்துக்கொள்ளும். நீர்ச்சுழலி 8410ஆம் தலைப்பிலும், கொதிகலன் 8402இலும், உலர்த்தி 8419இலும், மின்மாற்றி 8504இலும், சுரங்கந் துளைக்கும் பொறி 8430இலும் அடங்கும்.

சிறிய பொருளுக்கு இஃது எளிது. பெரிய பொறி பிரிக்கப்பட்டு முப்பது பெட்டிகளில் வந்தால் யாது செய்வது? பெட்டியொன்றில் குழாய், இன்னொன்றில் விசிறி, மற்றொன்றில் மரையாணிகள். ஒவ்வொன்றையும் தனித்தனியே பெயரிட்டால் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு தீர்வை வந்து சேரும். இதற்கென விளக்க விதி ஒன்று வகுக்கப்பட்டுள்ளது. பூட்டப்படாமலோ பிரிக்கப்பட்டோ வந்தாலும், முழுப் பொருளின் இன்றியமையாத் தன்மை அமைந்திருப்பின் அதனை முழுப் பொருளாகவே கொள்ளுதல் வேண்டும் என்பது அவ்விதி. ஆயினும் ஒரே வேளையில் சுங்கத்தின் முன் வைக்கப்படுவனவற்றுக்கே அது நேரே பொருந்தும். பெட்டிகள் இரண்டு மூன்று கப்பல்களில் பிரிந்து வருமாயின், முதற் கப்பல் புறப்படுமுன்னரே முழுப் பட்டியலையும் படத்தையும் சுங்கத்திடம் காட்டி இணக்கம் பெறுதலே அறிவுடைமை. இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்ட உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக இலகுபடுத்தல் உடன்படிக்கையும், பொருளின் வகைப்பாட்டைப் பற்றி முன்கூட்டியே தீர்ப்புக் கேட்கும் உரிமையை இறக்குமதியாளருக்கு வகுத்துள்ளது.

மதிப்பிடுதல்

இரண்டாவது கூறு மதிப்பு. பொருளுக்கு உண்மையில் கொடுத்த விலையே மதிப்பின் அடிப்படை. அதனோடு கப்பற் கூலியும் காப்புறுதியும் கூடும். பெருஞ்சரக்கில் கப்பற் கூலி சிறு தொகையன்று. எடை ஒரு தொன், கொள்ளளவு ஒரு கனமீற்றர் ஆகிய இரண்டில் எது மிகுதியோ அதற்கே கூலி கணிக்கப்படும். உள்ளே வெற்றிடமான பெரிய உலர்த்திக்கூடு எடையிற் குறைந்ததாயினும் இடத்துக்காகப் பெருங்கூலி தரும்.

ஈண்டு அறியாமையால் பணம் இழப்போர் பலர். உலக வர்த்தக அமைப்பின் மதிப்பீட்டு உடன்படிக்கையின்படி, இறக்குமதியின் பின்னர் நிகழும் பூட்டுதல், நிறுவுதல், பராமரித்தல் ஆகியவற்றின் செலவும் உள்நாட்டுப் போக்குவரத்துச் செலவும் சுங்க மதிப்பிற் சேரா. ஆனால் ஒரு நிபந்தனை: அவை விலைப்பட்டியலில் வேறாகப் பிரித்துக் காட்டப்பட்டிருத்தல் வேண்டும். 'பொறியும் நிறுவுதலும்' என்று ஒரே வரியில் ஒரே தொகையாக எழுதிவிட்டால், பதுளையில் நம் கைத்தொழிலாளி செய்யப்போகும் வேலைக்கும் கொழும்பில் வரி கட்ட நேரிடும். மறுபுறம், வாங்குவோன் தன் செலவில் கொடுத்துதவிய அச்சுகளோ அயல்நாட்டில் வரைவித்த பொறிப்படங்களோ இருப்பின் அவற்றின் பெறுமதியை மறைத்தலும் ஆகாது; அவை மதிப்போடு சேர்க்கப்படும். பொறிகள் பலவற்றுக்குச் சுங்கத் தீர்வை இல்லையாயினும் சிறிதாயினும், பெறுமதிசேர் வரி முதலாய ஏனைய வரிகளும் இம்மதிப்பையே அடியாகக் கொண்டு கணிக்கப்படுமாதலால் பிழை ஒன்று பலவாகப் பெருகும்.

யானையை வாங்கினவன் அங்குசத்துக்குப் பேரம் பேசுவதா என்பது பழமொழி. கோடி ரூபாய்ப் பொறியை வாங்குவோர், ஒழுங்கான பட்டியல் எழுதவல்ல ஓர் எழுதுவினைஞருக்குக் கூலி கொடுக்க மனம் ஒவ்வாமல் இடர்ப்படுதல் இன்றும் உண்டு.

மரப்பெட்டியும் மலைத்தோட்டமும்

பொறியைக் கவனிப்போர் அதைச் சுற்றியுள்ள பலகையை மறந்துவிடுவர். பெரும் பொறிகளோ மரச்சட்டங்களின் மீதே நிறுத்தி அனுப்பப்படுகின்றன. மரத்தினுள்ளே துளைப்பூச்சியும் பூஞ்சணமும் நாடுவிட்டு நாடு செல்லக்கூடும். ஆதலால் 2002ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு நியமம், பொதிமரத்துக்குரிய பரிகாரங்களை வகுத்துள்ளது. அவற்றுள் வழக்கமானது, மரத்தின் நடுப்பகுதியிலும் 56 பாகை வெப்பம் 30 நிமிடம் நிற்குமாறு சுடுதல். அவ்வாறு செய்ததற்கு அடையாளமாகக் கதிர்ச் சின்னம் பொறிக்கப்படும். சின்னமில்லாத சட்டம் ஒன்று இருப்பினும் முழுச் சரக்கும் தடைப்படலாம்.

இதனைச் சிலர் வீண் தொல்லை என்பர். கோப்பிப் பயிர் ஒன்று முழுதும் ஒரு பூஞ்சணத்தால் அழிந்த மண்ணில் வாழும் நாம் அவ்வாறு சொல்லலாகாது. தேயிலைத் தொழிற்சாலைக்கு வரும் பெட்டியில் ஒளிந்திருக்கும் பூச்சிக்கு, வாயிலைத் திறந்தவுடன் எட்டும் தொலைவில் தேயிலைக் காடே விருந்தாய்க் காத்திருக்கின்றது.

பார்வையிடுதல்

இலங்கையில் சுங்கப் பிரகடனம் இப்போது கணினி வழியே சமர்ப்பிக்கப்படுகின்றது. இடரின் அளவை நோக்கிச் சில சரக்குகள் எளிதில் விடுவிக்கப்படும். சில காகித அளவில் ஆராயப்படும். சில திறந்து பார்க்கப்படும். கட்டளைச் சட்டத்தின் 47ஆம் பிரிவு, பிரகடனத்திற் கூறியதும் வந்த பொருளும் ஒத்திருத்தல் வேண்டுமென விதிக்கின்றது. ஒவ்வாதாயின் பொருள் பறிமுதலுக்கு உள்ளாகலாம். எனவே பட்டியலில் 12 தொன் என்றிருந்து தராசில் 14 தொன் காட்டினால், அஃது எழுத்துப் பிழையாயினும் விசாரணையின்றித் தீராது.

பெருஞ்சரக்கைப் பரிசோதனை முற்றத்துக்கு இழுத்துச் சென்று திறப்பது எளிதன்று. ஒருமுறை தூக்குவதற்கே தனிப் பாரந்தூக்கி வேண்டும். ஈரப்பதம் புகாமல் அடைக்கப்பட்ட மின்பிறப்பாக்கியின் உறையைத் துறைமுகக் காற்றில் கிழித்துவிட்டால் பொறியே கெட்டுப்போகும். ஆதலால் உலகெங்கும் சுங்கத்தார் இத்தகைய சரக்கைக் கப்பலருகிலேயே நேராக ஊர்தியில் ஏற்றவிட்டு, நிறுவும் இடத்திலேயே சென்று பார்வையிடும் முறையைக் கையாளுகின்றனர். இச்சலுகை கேட்டவுடன் கிடைப்பதன்று. முன்னதாகவே விண்ணப்பிக்க வேண்டும். பிணை வைக்க வேண்டும். தூக்கும் இடங்களும் பாரமையமும் குறித்த படம் கொடுக்க வேண்டும். அதிகாரி வரும்வரை ஒரு பெட்டியும் திறவாது காக்க வேண்டும். சுருங்கச் சொன்னால், நம்பிக்கை வேண்டும். அந்நம்பிக்கையை முந்தைய இறக்குமதிகளிற் காட்டிய நேர்மையே ஈட்டித் தரும்.

விருந்தாய் வரும் பொறிகள்

இன்னொரு வகைப் பொறி உண்டு. அது நிலைத்திருக்க வருவதன்று. வேலை முடித்துத் திரும்ப வருவது. சுரங்கந் துளைக்கும் பொறி, பெரும் பாரந்தூக்கி ஆகியன இவ்வகையின. தீர்வையை முழுதும் வாங்காது, வங்கிப் பிணை பெற்றுக் குறித்த காலத்துக்கு உள்ளே விட்டு, திரும்பச் செல்கையிற் பிணையை விடுவித்தல் தற்காலிக இறக்குமதி எனப்படும். இதற்கென 1990ஆம் ஆண்டின் இஸ்தான்புல் உடன்படிக்கை பொது நெறிகளை வகுத்தது.

விருந்தினன் திரும்பாவிடின்? சுரங்கந் துளைக்கும் பொறியின் வெளிக்கவசத்தைச் சிலவேளை மலைக்குள்ளேயே விட்டுவிட நேர்வதுண்டு. பூமிக்குள் புதைந்துவிட்ட இரும்பும் சுங்கக் கணக்கில் உயிரோடு இருக்கும். அதற்குரிய தீர்வையைச் செலுத்திக் கணக்கைத் தீர்க்காவிடின் பிணை மீளாது.

மலை வீதி

துறைமுக வாயிலைக் கடந்தபின் எஞ்சுவது வழி. புகையிரதப் பாதை நமக்குப் பேருதவியாயினும், பெரும் பொருளுக்கு இடங்கொடாது. பட்டிப்பொலைக்கருகே 6,226 அடி உயரம் வரை ஏறி இறங்கும் அப்பாதையில் சுரங்க வழிகளும் கூரிய வளைவுகளும் நிரம்பவுள. தெமோதரையில் பாதை தன் நிலையத்தின் கீழேயே சுரங்கத்தில் நுழைந்து செல்கின்றது. சுரங்க வாயிலே அங்கு இரண்டாவது சுங்க வாயில். அவ்வாயிலுக்கு அடங்காத பொருள் வீதியாலேயே வருதல் வேண்டும்.

வீதியிலும் நால்வகைத் தடைகள். நீளத்துக்கு வளைவு தடை. அகலத்துக்குப் பாலம் தடை. உயரத்துக்கு மின்கம்பி தடை. பாரத்துக்கு மதகு தடை. இரத்தினபுரி, பலாங்கொடை வழியாகப் பெரகலையை அடைந்து அப்புத்தளைக்கு ஏறும் வழியில் வளைவுகளே பெரும் பகை. தெற்கே 2010இல் திறக்கப்பட்ட அம்பாந்தோட்டைத் துறைமுகத்திலிருந்து வெல்லவாய வரை தாழ்நிலமாகையால் அவ்வழியில் இடர் குறைவு. ஆயினும் அங்கிருந்து எல்லவை நோக்கி ஏறுகையில் மலை தன் உரிமையைக் கேட்கவே செய்யும். மொனராகலை மாவட்டத்துப் பெல்வத்தை, செவனகல சீனி ஆலைகள் ஊவா மாகாணத்தனவேயாயினும் தாழ்நிலத்தன. பதுளை மலைத் தொழிற்சாலைக்கு அந்த வசதி இல்லை.

பொருள் வருமுன் வழியை அளத்தல் வேண்டும். பிரான்சில் அணுக்கரு இணைவு ஆராய்ச்சிக்கென அமையும் ஈட்டர் நிலையத்துக்கு 104 கிலோமீற்றர் வழியைத் தனியே சீர்செய்தனர். பாலங்களைப் பலப்படுத்தியதோடு அமையாது, 2013இல் 800 தொன் அளவான பொய்ப் பாரத்தை ஊர்தியில் ஏற்றி ஒத்திகையும் பார்த்தனர். நம்மால் அவ்வளவு இயலாவிடினும், பொறியின் அகலத்துக்கு ஒரு மூங்கிற் சட்டம் கட்டி வண்டியொன்றில் முன்னே ஓட்டிப் பார்த்தல் இயலாததன்று.

தாமதத்தின் விலை

டீமேக்கர் ஐயா கூறிய டிரையரின் கதைக்கு மீள்வோம். பொறியை அனுப்பியவர் விலைப்பட்டியலில் ஒரு மாதிரியின் பெயரையும், பொதிப்பட்டியலில் இன்னொன்றின் பெயரையும் எழுதிவிட்டனராம். எடையும் ஒத்துவரவில்லை. திருத்தக் கடிதம் கடல் கடந்து வர வேண்டியிருந்தது. வந்த கடிதத்திலும் ஓர் எண் பிழை. துறைமுகத்தில் கட்டணமின்றி வைத்திருக்கக் கூடிய நாள்கள் விரைந்து தீர்ந்தன. அதன்பின் தாமதக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறியது.

அது நிகழ்ந்தது ஆடி, ஆவணியில். ஊவாவை அறிந்தோர்க்கு அம்மாதங்களின் அருமை விளங்கும். யூலையிலிருந்து செத்தெம்பர் வரை கச்சான் காற்று மலையைக் கடந்து வறண்டு வீசும் நாள்களிலேதான், உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பெயர் தந்த அந்த நறுமணம் கொழுந்தில் ஊறுகின்றது. அப்பருவத்தைத் தவறவிட்ட தோட்டம் ஆண்டின் சிறந்த விலையைத் தவறவிடுகின்றது. பழைய டிரையர் பாதி வேகத்தில் ஓட, கொழுந்தின் ஒரு பகுதியை அயல் தோட்டத்துக்கு அனுப்ப நேர்ந்தது. சில நாள்களில் கொழுந்து எடுப்பதையே குறைத்தனர். எங்கோ ஒரு மேசையில் ஒருவர் எழுதிய பிழையான எண்ணுக்காக, சுங்கம் என்ற சொல்லையே கேள்வியுறாத தாய்மார் லயத்துக்கு அரைப்பேரோடு திரும்பினர். அவ்வாண்டு என் வகுப்பில் பயிற்சிக் கொப்பி வாங்காமல் வந்த பிள்ளைகளுள் அத்தோட்டத்துப் பிள்ளைகளும் இருந்தனர். அன்று காரணம் கேட்டுக் கடிந்துகொண்டேன். காரணம் இவ்வாண்டுதான் விளங்கிற்று.

சுங்கத்தார் கேட்ட கேள்விகள் நியாயமானவை. கேட்காமல் விட்டிருந்தாற் கடமை தவறியோராவர். விடை சொல்ல வேண்டியோர் முன்னரே விடையைத் திருத்தி வைத்திராமையே குற்றம்.

வாயிலும் மலையும்

நம் காலத்தில் ஊவாவுக்கு வந்த பெரும் பொறிகள் யாவை எனின், உமா ஓயாத் திட்டத்தின் பொறிகளே என்பேன். ஈரானிய உதவியோடு 2008இல் அடிக்கல் நாட்டப்பெற்ற அத்திட்டம் 2024 ஏப்ரல் 24ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது. கரந்தகொல்லையில் நிலத்தடி மின்நிலையம் 120 மெகாவாற்று வலுவுடையது. அதற்கு நீர் கொண்டுவரும் தலைச் சுரங்கம் ஏறத்தாழ 15 கிலோமீற்றர் நீளமானது. பெயரிடுதல், மதிப்பிடுதல், பார்வையிடுதல் என மேலே கூறிய கூறுகள் அனைத்தும் இத்தகைய திட்டத்துக்கு இன்றியமையாதன.

ஆயினும் 2014 டிசம்பரில் சுரங்கத்துள் நிலத்தடி நீர் பெருக்கெடுத்தது. பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின. வீடுகளில் வெடிப்புகள் தோன்றின. 2017இல் மக்கள் வீதிக்கு வந்தனர். மின்சாரம் வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. தம் கிணற்றைப் பற்றி எவரும் முன்னரே தம்மிடம் கேட்கவில்லை என்பதே அவர்தம் முறையீடு.

ஈண்டுதான் சுங்கம் நமக்கு ஒரு பாடம் ஆகின்றது. மலைக்குள் நுழையப்போகும் பொறியிடம் வாயிலிலே நின்று, நீ யார், எங்கிருந்து வருகின்றாய், எவ்வளவு பாரம், என்ன பெறுமதி, எங்கே செல்கின்றாய், எப்போது திரும்புவாய் என்று கேட்கின்றோம். பொதிப்பலகைக்குள் பூச்சி இருக்குமோ என்று கூட ஆராய்கின்றோம். அதே பொறி செல்லும் மலையினிடம், உன்னுள்ளே எத்தனை நீரூற்று, உன்மேல் எத்தனை வீடு, யாருடைய கிணறு என்று அதே அளவு கண்டிப்புடன் கேட்டல் வேண்டாவோ? பிழையை நிகழுமுன் காகிதத்திற் காண்பது மலிவு. நிகழ்ந்தபின் கல்லிற் காண்பது பெருஞ் செலவு. அது டிரையருக்கும் பொருந்தும், மலைக்கும் பொருந்தும்.

மாணவருக்கு ஒரு சொல். கணக்கும் புவியியலும் மொழியும் ஒருங்கே வேண்டப்படும் தொழில் இது. சுங்க அதிகாரியாக, சுங்க முகவராக, பொறியியலாளராக, அளவையாளராக நம் தோட்டப் பிள்ளைகளும் துறைமுக மேசைகளில் அமரவேண்டும். அரைப்பேர் என்றால் என்னவென்று அறிந்த ஒருவர் அம்மேசையில் இருப்பாராயின், ஓர் எண்ணை எழுதுமுன் இருமுறை பார்ப்பார்.

அன்று வினவிய மாணவனுக்கு இதுவே என் விடை: தம்பி, அந்த ரோலரை மலைக்கு ஏற்றியவை மாடுகளும் மனிதர் தோள்களும் புகையிரதமுமே. ஆனால் அவற்றுக்கு முன்னே ஒரு தாள் வந்திருக்கும். அதில் எவரோ ஒருவர் உண்மையைச் சரியாக எழுதியிருப்பார்.